பெட்டைக் குரல்

மார்ச் 23, சனி

காலையில் அடுப்படியில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு வான்கோழி கத்தியது. கையிலிருந்த தோசைக் கரண்டி கீழே விழுந்து கால் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. திரும்பினால் இவர் நிற்கிறார், வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு, திருடித் தின்ற பிள்ளை மாதிரி.

வருஷா வருஷம் நடப்பதுதான். ஏப்ரல் பாதியில் மிசௌரிக் காடுகளில் வான்கோழி வேட்டை தொடங்கும். அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே என் வீட்டில் பெட்டைக் கோழி குடிவந்துவிடும். குதிரை லாடம் போல ஒரு சின்னத் தகடு, நடுவில் ரப்பர் சவ்வு. அதை மேலண்ணத்தில் ஒட்டி மூச்சை விட்டால் பெட்டை கூப்பிடுகிற குரல் அப்படியே வருகிறது. அது போக ஒரு மரப்பெட்டி, மூடியில் சாக்குக்கட்டி தேய்த்து இழுத்தால் அதுவும் பெட்டை. ஒரு சிலேட்டும் குச்சியும் உண்டு, அதுவும் பெட்டை. இத்தனை பெட்டைகளோடு நானும் ஒருத்தி.

இவருக்கு வேலையே வான்கோழி வைத்தியம். பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் வளர்கிற வெள்ளைக் கோழிகளுக்கு டாக்டர். பிழைக்க வைக்கச் சம்பளம், சுட்டுத் தின்ன லைசென்ஸ். கேட்டால் சிரிப்பார்.

துப்பாக்கி இருக்கும் அறைக்கு நான் இன்றுவரை விளக்குமாற்றோடுகூடப் போனதில்லை.

மார்ச் 27, புதன்

இவரிடம் ஒரு மாற்றம். நான் பேசினால் இப்போதெல்லாம் செய்கிற வேலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது, இந்த வயதில்.

மார்ச் 31, ஞாயிறு

ஆண்பறவையை வரவழைப்பதில் உள்ள சூட்சுமத்தை இன்று சாப்பாட்டு மேசையில் விளக்கினார். இயற்கையில் சேவல் கூப்பிடும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரன் அதைத் தலைகீழாக்குகிறான். பெட்டை மாதிரி கூப்பிட்டுச் சேவலை வரச் சொல்கிறான். நிறையக் கூப்பிட்டால் சேவல், அவள்தான் வரப்போகிறாளே என்று நின்ற இடத்திலேயே தோகையை விரித்துக்கொண்டு நின்றுவிடுமாம். ரெண்டு தடவை கூப்பிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு, காய்ந்த இலையைக் கையால் சீய்த்துச் சீய்த்து, பெட்டை தன்பாட்டுக்கு மேய்கிற மாதிரி சத்தம் காட்ட வேண்டும். அப்போதுதான் அதற்குப் பொறுக்காது, தேடி வரும்.

"இத எனக்கு இருவத்தாறு வருசத்துக்கு முன்னாடியே சொல்லிருக்கலாம்லா" என்றேன். இவர் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கண்ணாடி முன் நின்று ஊதிப் பழகினார். கன்னத்திலும் தொண்டையிலும் விரலை வைத்துக்கொண்டு ஊதுகிறார். போன வருஷம் இப்படிச் செய்யவில்லை. புது வித்தை போலிருக்கிறது.

ஏப்ரல் 3, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. குளிக்கப் போகும்போது குக்கரில் பருப்பு வைத்து, மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டுப் போனேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிப் புகை மணி அலறுவது கேட்டது. ஈரத்தலையோடு ஓடி வந்தால் அடுப்படி முழுக்கப் புகை. இவர் நாலடி தள்ளி நாற்காலியில் அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சிலேட்டில் குச்சியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

புத்தி முழுக்கக் காட்டில் இருந்தால் வீடு பற்றி எரிந்தாலும் தெரியாதுதான்.

ஏப்ரல் 6, சனி

கடைக்குப் போகிற வழியில் அந்தக் கதவில்லாத ரயில்வே கிராசிங். இவர்தான் ஓட்டினார். ரயில் ஊதிய ஊதலில் எனக்குப் பல் கூசியது. இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. மரங்களுக்கு நடுவில் எஞ்சின் மஞ்சளாகத் தெரிந்தது. "ஏங்க" என்று கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. பயம் வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படி. ஊரில் கிணற்றடியில் பாம்பைப் பார்த்தபோதும் இப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன், அக்கா வந்து இழுத்தாள்.

இவர் தொடையில் ஓங்கி அடித்தேன். பிரேக் போட்டார். ரயில் எங்கள் மூக்குக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது, முடிகிற மாதிரியே இல்லை.

"பாத்துட்டேன்" என்றார்.

"பாத்தியளா?"

"பாத்துட்டேன்னு சொல்லுதேம்லா."

திரும்பி வரும்போது நான் ஓட்டுகிறேன் என்றேன். மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

டேல் வந்திருந்தார். பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுகிறவர், இவரோடு பத்து வருஷமாகக் காட்டுக்குப் போகிறவர். முதுகு வலியால் இந்த வருஷம் வரவில்லையாம். இவரை 'ஐசக்' என்பார். சொந்தப் பெயர் வெள்ளைக்காரர் வாயில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. நான் அதையும் சொல்வதில்லை, உண்மைப் பெயரையும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். நான் நம்புகிறேனா இல்லையா என்பது வேறு, நாக்கு வராது. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால் எழுதித்தான் காட்டுவேன். இந்த நோட்டிலும் எழுதியதில்லை.

டேல் என்னைக் கிண்டல் செய்தார். "தீப்பிடிச்சா அவர எப்படித்தான் கூப்பிடுவீங்க?"

"ஏங்கன்னு கூப்பிட்டா வந்துருவார்" என்றேன்.

கிளம்பும்போது முகம் மாறி இவரிடம் சொன்னார்: "தனியாப் போகாதே ஐசக். காட்டுல உனக்கு ஒரு ஜோடிக் காது வேணும்." இவர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

ஏப்ரல் 11, வியாழன்

சாப்பிடும்போது சொன்னார்: "இந்தத் தடவ நீயும் வாயேன் வடிவு."

இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவை கூப்பிட்டதில்லை. எனக்கு எதுக்கு என்றேன். சும்மா பேச்சுத் துணைக்கு என்றார். காட்டில் பேசவே கூடாது என்று சொல்கிறவர் பேச்சுத் துணைக்குக் கூப்பிடுகிறார்.

வேட்டைக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் கையேட்டை எடுத்துப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். வசந்த காலத்துச் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்குமாம். அதனால் காட்டுக்குள் அந்த மூன்று நிறமும் கூடாது, கைக்குட்டையில்கூட. பெட்டைக் குரல் கேட்டு வருவது சேவல் மட்டுமில்லை. நரி வரும், காட்டுப்பூனை வரும். துப்பாக்கியோடு இன்னொரு வேட்டைக்காரனும் வருவான். குரல் வந்த இடத்தில் கொஞ்சம் சிவப்பு அசைந்தால் போதும். சுட்ட பிறகுதான் அது மனுஷன் என்று தெரிந்த கதைகள் நிறைய இருக்கின்றன.

அப்படி யாராவது வந்தால் கையை அசைக்கக் கூடாது, கோழி மாதிரியும் குரல் கொடுக்கக் கூடாது. மனுஷக் குரலில் சத்தமாகப் பேச வேண்டும். அந்த வரியின் கீழே கோடு போட்டிருக்கிறார்கள். நான் அதை நாலு தடவை படித்தேன்.

சத்தமாகவாம். என் தொண்டையை நம்பி.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. சொதி வைத்தேன், இஞ்சித் துவையல் அரைத்தேன். சிகாகோவிலிருந்து கோமதி பேசினாள். "அப்பாட்ட குடும்மா" என்றாள். இவர் போனை வாங்கி, "நல்லாருக்கியா தாயி, சரி, சரி, அம்மாட்ட பேசு" என்று உடனே என்னிடம் திருப்பித் தந்துவிட்டார். கோமதி அந்தப் பக்கம், "அப்பாக்கு என் மேல கோவமாம்மா? எப்ப போன் பண்ணாலும் இப்டித்தான் செய்யுதாக" என்று அழுகிற குரலில் கேட்டாள்.

கோபமெல்லாம் இல்லை, வேட்டை மும்முரம் என்று சொன்னேன்.

நாளைக்கு நானும் போகிறேன். இவரைத் தனியாக விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதைவிடக் கூடவே இருந்து பயப்படலாம்.

ஏப்ரல் 15, திங்கள்

விடிவதற்கு முன்னே அரசுக் காட்டில் ஏறினோம். காட்டோடு கலந்துபோக இலை அச்சுப் போட்ட சட்டை எனக்கும் ஒன்று. நடக்கும்போது என்னைத் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டார், இருட்டில் என் முழங்கையைப் பிடித்தபடி. என் காலடியில் குச்சி முறிந்த ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வந்தது.

ஒரு பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். இவர் ஆந்தை மாதிரி ஒரு குரல் கொடுத்தார். ஆந்தைச் சத்தம் கேட்டால் மரத்தில் அடைந்திருக்கும் சேவல் திடுக்கிட்டுக் கத்திவிடுமாம், இருக்கும் இடம் தெரிந்துவிடும். மலைச்சரிவில் எங்கேயோ கடகடவென்று ஒரு கத்தல். என் நெஞ்சுக்குள்ளேயே கத்தியது போல இருந்தது.

இவர் அசையவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார். நான் மிரண்டதைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

கையைக் காட்டினேன். எனக்குக் காடு கற்றுக்கொடுக்கிறார், சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படியே கேட்டார். "இப்ப? கிட்டயா, தூரமா?" நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அந்தச் சேவல் வரவில்லை. எனக்கு நிம்மதி.

ஏப்ரல் 16, செவ்வாய்

மழை. போகவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 18, வியாழன்

கடையில் டேலைப் பார்த்தேன். "ஐசக்கோட காது இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"காதுக்கென்ன?" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பண்ணையில் இவர் வேலை எப்படி என்று எனக்குத் தெரியும். கொட்டகைக்குள் போய் ஒரு விசில் அடிப்பார். அத்தனை கோழியும் திகைத்து ஒரு கணம் அடங்கும். அந்த அமைதியில் எங்கே தும்மல் கேட்கிறது, எங்கே இளைப்பு கேட்கிறது என்று கவனித்தே நோயைச் சொல்லிவிடுவார். அதற்குப் பேர்போனவர். போன மாதம் ஒரு கொட்டகையில் நின்று கேட்டுவிட்டு எல்லாம் சுகம் என்று எழுதினாராம். வெளியே லாரிப் பக்கம் நின்ற டேலுக்கே தும்மல் கேட்டதாம். ஒரு வாரத்தில் பாதிக் கோழி போய்விட்டது.

"அது யாருக்கும் நடக்கலாம்" என்றார் டேல். "காதக் காட்டிட்டு வேலைக்கு வான்னுதானே லீவு குடுத்திருக்காங்க. டாக்டர்ட்ட போனாரா?"

இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அவர் சொன்ன இங்கிலீஷ் எனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வைத்துக்கொண்டேன். தக்காளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேட்டைக்காக லீவு எடுத்தேன் என்றுதான் இவர் சொல்லியிருந்தார்.

ஏப்ரல் 19, வெள்ளி

இவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பின்னால் போய் நின்று சாதாரணமாக, "காப்பி வேணுமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். பதில் இல்லை. மூன்றாவது தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முன்பக்கமாகப் போய்க் கேட்டேன். "குடேன்" என்றார்.

நாளைக்குப் போகவேண்டாம் என்று சொன்னேன். டேல் சொன்னதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

"நாளைக்கு ஒரு நாள்" என்றார். "நீ கூட இருக்கேல்லா. உனக்கு நல்லாக் கேக்குது."

இரண்டு பேர் பைகளையும் கொட்டிச் சோதித்தேன். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் இல்லை. இவர் உள்பனியன்கூடக் காக்கி. காலையில் டீ மட்டும் போட்டுப் பிளாஸ்க்கில் ஊற்ற வேண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

அதே ஓக் மரம். விடிந்ததிலிருந்து ஒரு சேவல் சரிவுக்குக் கீழே விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. இவர் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு கூப்பிட்டார். ரெண்டு கூப்பாடு, பிறகு அமைதி, பிறகு இலையைச் சீய்த்தல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே, இங்கே நிஜமாகவே ஒரு பெட்டை மேய்கிறது என்று தோன்றியது. நன்றாக வெயில் ஏறியபோது சேவல் கத்துவதை நிறுத்திவிட்டது. வாயடைத்துவிட்டால் கிட்டே வருகிறது என்று அர்த்தம், அசையாதே என்று முன்பே சொல்லியிருந்தார்.

ஆனால் எனக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. பயத்தில் எனக்கு அதுவும் வரும். சைகை காட்டிவிட்டு மரத்துக்குப் பின்பக்கம் மேட்டில் ஏறி, விழுந்து கிடந்த ஒரு அடிமரத்துக்கு அந்தப் பக்கம் போனேன்.

எழுந்து நின்றபோது இடப்பக்கம் இலை நொறுங்கியது. நொறுங்கி, நின்று, மறுபடி நொறுங்கியது. கோழி இலையில் எப்படிச் சத்தம் போடும் என்று இவர் சீய்த்துக் காட்டியதில் எனக்குத் தெரிந்திருந்தது. இது கோழி இல்லை. கால் கனமாக இருந்தது.

புதருக்குள் ஒரு ஆள். பெரிய உடம்பு, நரைத்த தாடி, மூக்குக்கண்ணாடி. ஒரு முழங்காலை ஊன்றித் துப்பாக்கியைத் தோளில் வைத்திருந்தான். அவன் எந்தப் பக்கம் குறி வைக்கிறான் என்று பார்த்தேன். ஓக் மரத்தின் ஓரத்தில், இலைகளுக்கு மேலே, கோழித் தலை உயரத்தில் சிவப்பாக ஒன்று அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

பிளாஸ்க்கின் மூடி. டீ குடிக்கிற அந்தச் சிவப்பு மூடி. கைக்குட்டை முதல் உள்பனியன் வரை பார்த்தவள் அதைப் பார்க்கவில்லை. காட்டுக்கு வந்தாலும் டீ இல்லாமல் முடியாத ஆட்கள் நாங்கள். இந்த ஊர்க்காரன் எவனும் கோழி வருகிற நேரத்தில் டீயை ஊற்றிக்கொண்டு உட்கார மாட்டான். நான் போனதும் இவர் ஒரு வாய் டீயும் ஒரு கூப்பாடுமாக இருந்திருக்கிறார். அந்தச் சிவப்புக்குப் பக்கத்திலிருந்து, அச்சு அசலாக, பெட்டையின் குரல்.

கையேட்டில் இருந்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. கையை அசைக்காதே, மனுஷக் குரலில் பேசு. வாயைத் திறந்தேன். 'ஸ்டாப்' என்ற சொல் பல்லுக்குப் பின்னால் நின்றது, வெளியே வரவில்லை. 'ஏங்க' வரவில்லை. அந்த ஆள் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்துவிட்டான். இத்தோடு இவர் போய்விடுவார், நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு ஆயுசுக்கும் போகாது.

அப்புறம் ஒரு சத்தம் வந்தது. என்னிடமிருந்துதான்.

"இசக்கிமுத்து!"

காடு முழுக்கக் கேட்டது. சரிவில் படபடவென்று அந்தச் சேவல் பறந்தது, காக்கைகள் எழுந்தன. அந்த ஆள் துப்பாக்கியை வானத்தைப் பார்க்கத் தூக்கி, அப்படியே இலைமேல் உட்கார்ந்துவிட்டான். நான் நிறுத்தவில்லை. வாயில் வந்த முதல் பெயர் அது, அதையே திரும்பத் திரும்பக் கத்தினேன். இசக்கி, இசக்கிமுத்து, இசக்கி.

மரத்தின் அந்தப் பக்கம் சிவப்பு மூடி மெதுவாகக் கீழே இறங்கியது. கொஞ்சம் பொறுத்து இலையைச் சீய்க்கும் சத்தம். பிறகு பொறுமையாக, ஆசையாக, பெட்டை மறுபடியும் கூப்பிட்டது.

அந்த ஆள் என்னைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது. "அம்மா, அரை மணி நேரமாக் கேட்டுட்டு வாரேன். பெட்டைன்னு சத்தியம் பண்ணிருப்பேன்" என்றான். பிறகு மரத்தைக் காட்டி மெதுவாகக் கேட்டான்: "அவருக்குக் காது கேக்காதா?"

"கேக்காது" என்றேன். இங்கிலீஷில்தான் சொன்னேன். அந்த மொழியில் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

பின்னாலிருந்து தொட்டால் மிரண்டுவிடுவார், மடியில் துப்பாக்கி வேறு. அதனால் சுற்றிக்கொண்டு போய் அவர் கண்ணுக்கு நேரே, தூரத்திலேயே நின்றேன். சேவல் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் நான் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு எனக்குப் பின்னால் துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளைப் பார்த்தார். காலடியில் இருந்த சிவப்பு மூடியைப் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வாயிலிருந்த தகட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஆள் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, அழுதுவிட்டுப் போனான். நான் இவர் முன்னால் இலைமேல் உட்கார்ந்தேன்.

"கத்துனியா?"

தலையாட்டினேன்.

"எனக்குக் கேக்கல வடிவு."

"தெரியும்."

"வலது காதுல கொஞ்சம் இருந்துச்சு. பங்குனி பிறந்ததும் அதுவும் போச்சு." கொஞ்ச நேரம் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பயமா இருந்துச்சு. உங்கிட்ட சொல்ல."

எனக்கு அழுகை வந்தது. திங்கட்கிழமையே காது டாக்டரிடம் போகிறோம் என்றேன், கார் சாவி இனி என்னிடம்தான் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"என்னன்னு கத்துன?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். மோவாயைத் தொட்டு என் முகத்தை நிமிர்த்தினார். இல்லையென்றால் அவருக்குத் தெரியாதல்லவா.

"உங்க பேரச் சொல்லி."

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சத்தமாகச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததால் மெதுவாகவே சொன்னேன், ஒவ்வொரு எழுத்தாக. இசக்கிமுத்து. அவர் கடைசி எழுத்து வரை என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.